சிறிய டீசல் ஷண்டிங் எஞ்சினின் கிட்டை முதல் முயற்சியாக எடுத்துக்கொள்ளலாமா?

கேட்கப்பட்ட கேள்வி இது: "பிளாஸ்டிக் விமான மாதிரிகள் சில செய்து பழகியிருக்கிறேன். அடுத்து, தண்டவாளத்தில் உண்மையாகவே ஓடக்கூடிய ரயில் எஞ்சின் மாதிரி ஒன்றைக் கிட்டாக, அதாவது இணைக்க வேண்டிய பாகங்களின் தொகுப்பாக, வாங்கிச் செய்ய ஆசை. பிரிட்டனின் தொழிற்சாலைகளில் வண்டிகளை இடம் மாற்றித் தள்ள ஓடிய நான்கு சக்கர டீசல் ஷண்டிங் எஞ்சின் மிகவும் சிறியது என்பதால் அதுவே எளிதாக இருக்கும் என்று நினைக்கிறேன். சரிதானா?"

உடற்பகுதியைப் பொறுத்தவரை சரி. ஓட்டத்தைப் பொறுத்தவரை சரியன்று. நான் இங்கிலாந்தில் வாழ்கிறேன். இத்தகைய சிறிய எஞ்சின்களை மட்டுமே பல ஆண்டுகளாக 4 மில்லிமீட்டர் அளவில், அதாவது உண்மையான ஓர் அடியை 4 மி.மீ. ஆக்கும் 1:76 விகிதத்தில், செய்து வருகிறேன். பெரிய எஞ்சின் ஒன்றின் மாதிரியில் பொறுத்துப்போகும் பிழைகள் பல, சிறிய எஞ்சினில் ஓட்டத்தையே நிறுத்திவிடும். அதனால் தயங்க வேண்டாம், ஆனால் எங்கே கடினம் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள் என்பதே என் பதில்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு பேசினால் தெளிவாக இருக்கும். லிங்கன் நகரின் ரஸ்டன் அண்ட் ஹார்ன்ஸ்பி நிறுவனம் கட்டிய 48டிஎஸ் என்ற எஞ்சினை எடுத்துக்கொள்வோம். லிங்கனின் ரஸ்டன் ப்ராக்டர் நிறுவனமும் கிராந்தமின் ரிச்சர்ட் ஹார்ன்ஸ்பி நிறுவனமும் 1918-இல் இணைந்து உருவான நிறுவனம் அது. ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டூவர்ட் வடிவமைத்த எண்ணெய் எஞ்சினை 1890-களிலேயே கட்டி விற்ற பட்டறை ஹார்ன்ஸ்பியினுடையது என்பதால், டீசல் என்ற பெயர் பரவுவதற்கு முன்பே அந்த மரபு அங்கே வேரூன்றியிருந்தது. 48டிஎஸ் எஞ்சினுக்கு 48 குதிரைத்திறன், எடை ஏழரை டன், நான்கே சக்கரங்கள். சக்கரங்களை வெளியே இணைக்கும் தண்டுகள் இல்லை. உள்ளே ஓடும் சங்கிலிகள்தாம் அச்சுகளைச் சுழற்றின. எரிவாயு நிலையம், கல் குவாரி, தானிய ஆலை, எங்கெல்லாம் இரண்டு மூன்று வண்டிகளை ஒரு கொட்டகையிலிருந்து இன்னொரு கொட்டகைக்குத் தள்ள வேண்டியிருந்ததோ அங்கெல்லாம் இதைப் போன்ற எஞ்சின் ஒன்று புகையும் இரைச்சலுமாக நின்றிருந்தது. 1:76 விகிதத்தில் அது கட்டைவிரல் நீளம்தான் இருக்கும்.

இப்போது அந்தக் கட்டைவிரலின் எடையைக் கணக்கிடுங்கள். நீளம் 76 மடங்கு குறையும்போது கனஅளவு 76-இன் மும்மடி அளவுக்கு, ஏறத்தாழ நான்கரை லட்சம் மடங்கு குறைகிறது. ஏழரை டன், அதாவது 7,620 கிலோ எடையை அந்த விகிதத்தில் குறைத்தால் கிடைப்பது 17 கிராம்! நாணயங்கள் இரண்டு மூன்றின் எடையே உள்ள ஒரு பொருள், தன் நான்கு சக்கரங்களையும் தண்டவாளத்தில் அழுத்தி, அதன் வழியே மின்சாரம் எடுத்து, மெதுவாக ஊர்ந்து செல்ல வேண்டும் என்று நாம் கேட்கிறோம். ஆறு சக்கரங்களும் நீண்ட பானெட்டும் உள்ள எஞ்சினில் ஒரு சக்கரம் தண்டவாளத்தைத் தொடாவிட்டாலும் மற்றவை ஈடு செய்துவிடும். இங்கே ஒரு பக்கத்துக்கு இரண்டே சக்கரங்கள். ஒன்று தூசியிலும் மற்றொன்று பாதை பிரியும் கிளைப்பாதையின் மின்சாரம் கடத்தாத பிளாஸ்டிக் துண்டிலும் நிற்கும் அந்த ஒரு கணத்தில் எஞ்சின் நின்றுவிடும். மாதிரி ரயில்கள் தயாரிக்கும் ஹார்ன்பி நிறுவனம் இதே 48டிஎஸ்ஸை ஆயத்த மாதிரியாக வெளியிட்டபோது, எஞ்சினோடு ஒரு சிறிய தட்டை வண்டியையும் இணைத்து, அந்த வண்டியின் சக்கரங்களும் மின்சாரம் எடுக்கும்படி அமைத்தது. பெரிய தொழிற்சாலையில் வடிவமைப்பவர்களே இந்தச் சிக்கலைச் சுற்றிவர ஒரு வண்டியைச் சேர்க்க வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே, அடிச்சட்டகத்தை முதலில் முடியுங்கள். அது வெறும் சட்டகமாகவே, உடற்பகுதி இல்லாமல், மேலே ஓர் ஈயக்கட்டியை வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் நத்தை வேகத்தில் ஊரும் வரை உடற்பகுதியின் தகட்டைத் தொடாதீர்கள். என் முதல் கிட்டில் நான் இதற்கு நேர்மாறாகச் செய்தேன். பானெட்டும் கேபினும் கண்ணுக்கு அழகாக இருந்தமையால் அவற்றை முதலில் ஈயப்பற்றை உருக்கிப் பற்றவைத்து (சால்டரிங் செய்து), வண்ணமும் பூசி முடித்தேன். பிறகு மோட்டாரையும் கியர் பெட்டியையும் பொருத்தப் பார்த்தபோது பானெட்டின் உள்ளே இடம் போதவில்லை. உட்புறத் தகடு ஒன்றைச் சூடாக்கிக் கழற்றியெடுக்க வேண்டியதாயிற்று, அந்தச் சூட்டில் வெளிப்புற வண்ணம் கொப்பளித்தது. மூன்று மாத வேலையை நான் மறுபடியும் செய்தேன்.

இந்தக் கிட்களில் பெரும்பாலானவை வேதிக்கரைசலால் அரித்தெடுத்த பித்தளை அல்லது நிக்கல் சில்வர் தகடுகளாக வருகின்றன. நிக்கல் சில்வரில் வெள்ளி கிடையாது. செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த கலவை அது. பித்தளையைவிட விறைப்பானது, சூட்டை மெதுவாகக் கடத்துவது, ஆகையால் பற்றவைக்க இணக்கமானது. சட்டகத்துக்கு அதையே நான் விரும்புவேன். ஜூடித் எட்ஜ் கிட்ஸ் போன்ற சிறிய தயாரிப்பாளர்கள் தொழிற்சாலை டீசல்களுக்கென்றே ஒரு பெரிய வரிசையை வைத்திருக்கிறார்கள். தகட்டில் மடிக்க வேண்டிய இடங்கள் பாதி ஆழத்துக்கு அரிக்கப்பட்டிருக்கும். அந்தக் கோடு மடிப்பின் உட்புறத்தில் வர வேண்டும் என்பது ஏறக்குறைய எல்லாக் கிட்டுக்கும் பொதுவான விதி. அரிக்கப்பட்ட ஓரங்களில் கூர்மையான ஒரு சிறு விளிம்பு எஞ்சியிருக்கும். அதை மெல்லிய அரத்தால் நீவாமல் விட்டால் இரண்டு தகடுகள் சேருமிடத்தில் முடி அளவு இடைவெளி நிற்கும், அது வண்ணம் பூசிய பிறகு பளிச்சென்று தெரியும்.

சட்டகத்தின் இரு பக்கத் தகடுகளையும் இடைத்தகடுகளோடு பற்றவைக்கும்போது, அச்சின் விட்டமே உள்ள இரண்டு நீண்ட எஃகுக் கம்பிகளை அச்சுத் துளைகளில் செருகிக்கொள்ளுங்கள். கம்பிகளின் முனைகளுக்கிடையே உள்ள தூரத்தை இரு பக்கமும் வெர்னியர் காலிப்பரால் அளந்து, இரண்டும் ஒன்றாக இருந்தால் அச்சுகள் இணையாக உள்ளன என்று பொருள். குட்டையான சட்டகத்தில் துளையளவிலேயே தெரியாத சாய்வு, நீண்ட கம்பியின் முனையில் பெருகித் தெரிந்துவிடும். பிறகு கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து ஆட்டிப் பாருங்கள். நான்கு கால் முக்காலியாகாது என்பதால், நான்கு சக்கரங்களும் ஒரே நேரத்தில் தொட வேண்டுமானால் ஓர் அச்சை மட்டும் நிலையாக வைத்து, மற்றொன்றை நடுவில் ஒரு கம்பியின் மேல் தாங்கி, இரு முனைகளும் அரை மில்லிமீட்டர் மேலும் கீழும் அசையும்படி விடுவதுதான் நல்ல வழி. மூன்று புள்ளிகளில் தாங்கப்பட்ட எதுவும் தள்ளாடாது. சமையலறை முக்காலியின் தத்துவமேதான் இது. இந்த ஒரு மாற்றத்தைத் தவிர வேறெதுவும் செய்யாமலேயே, ஓடாத சட்டகங்கள் ஓடத் தொடங்கியதைக் கண்டிருக்கிறேன்.

கியர் விகிதத்தைத் தேர்ந்தெடுக்கும்போது கணக்குப் போட்டுப் பாருங்கள், ஊகிக்க வேண்டாம். 12 வோல்ட்டில் நிமிடத்துக்கு 15,000 சுற்றுச் சுற்றும் மோட்டாரும், 10 மி.மீ. விட்டமுள்ள சக்கரமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 40-க்கு 1 என்ற கியரில் சக்கரம் நிமிடத்துக்கு 375 சுற்று. அளவை உண்மைக்கு உயர்த்தினால் மணிக்கு 54 கிலோமீட்டர். தொழிற்சாலை முற்றத்தில் அந்த வேகத்தில் எந்த ஷண்டரும் ஓடியதில்லை. 108-க்கு 1 என்ற கியரில் அதே மோட்டார் மணிக்கு 20 கிலோமீட்டரில் அடங்கிவிடுகிறது. வேகம் குறைவதோடு, மோட்டார் தன் வசதியான சுற்றுவேகத்தில் இயங்குவதால் ஊர்தலும் சீராகிறது. ஹை லெவல் கிட்ஸ் நிறுவனம் விற்கும் மடிப்புக் கியர் பெட்டிகளில் இத்தகைய உயர்ந்த விகிதங்கள் கிடைக்கின்றன. 48டிஎஸ்ஸில் தண்டு இல்லாததால் ஒரே அச்சை மட்டும் இயக்கிவிடலாம் என்ற சபலம் வரும். வேண்டாம். இழுக்கும் பிடிப்பு பாதியாகிவிடும். டெல்ரின் என்ற பிளாஸ்டிக்கால் ஆன சங்கிலியோ இடைப் பற்சக்கரமோ வைத்து இரு அச்சுகளையும் இயக்குங்கள், உண்மையான எஞ்சினும் அப்படித்தான் இயங்கியது.

பற்றவைப்பைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பிளாஸ்டிக்கிலிருந்து வருபவர்கள் அஞ்சும் இடம் அது. மூன்று விதமான ஈயப்பற்றுகளை வைத்துக்கொள்ளுங்கள்: 188 பாகை செல்சியஸில் உருகுவது சட்டகத்துக்கும் பெரிய மடிப்புகளுக்கும், 145 பாகையில் உருகுவது மேற்பரப்பில் வரும் சிறு பாகங்களுக்கு, இது முன்னர் பற்றவைத்ததைக் கழற்றிவிடாது, 70 பாகையில் உருகுவது வெள்ளை உலோக வார்ப்புகளுக்கு. ரேடியேட்டர் முகப்பும் அச்சுப்பெட்டிகளும் மோதலைத் தாங்கும் பஃபர்களும் பெரும்பாலும் இந்த வெள்ளை உலோகத்தில்தான் வருகின்றன. சாதாரணச் சூட்டில் உள்ள பற்றவைப்பு இரும்பு பட்டால் அவை வெண்ணெய்போல் ஒழுகிவிடும். 70 பாகைப் பற்று பித்தளையில் நேரடியாகப் பிடிக்காது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்: பித்தளைப் பக்கத்தில் முதலில் 145 பாகைப் பற்றை மெல்லிய பூச்சாக ஏற்றிவிட்டு, இரும்பின் சூட்டைக் குறைத்து, அதன் மேல் வார்ப்பை வையுங்கள். பற்று நன்கு பிடிக்க உதவும் பாஸ்பாரிக் அமில ஃபிளக்ஸைத் தாராளமாகப் பயன்படுத்தலாம், ஆனால் ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் வெந்நீரும் பழைய பல்துலக்கியும் கொண்டு கழுவியே தீர வேண்டும். கழுவாமல் விட்ட ஒரு மூலையிலிருந்து பச்சைக் களிம்பு, முடித்து ஆறு மாதம் கழித்து, என் இரண்டாவது எஞ்சினின் வண்ணத்தைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. அறையின் ஜன்னலைத் திறந்து வைத்து, புகை முகத்துக்கு வராதபடி அமருங்கள்.

சட்டகம் தானாக உருளத் தொடங்கியதும் மின்சாரத்துக்கு வரலாம். 0.3 மி.மீ. பாஸ்பர் வெண்கலக் கம்பிகள் நான்கு சக்கரங்களின் பின்புறத்தையும் தொட வேண்டும். அழுத்திப் பிடித்தால் அதுவே பிரேக் ஆகிவிடும், வருடினால் போதும். எடைக்கு, கேபினின் தரைக்குக் கீழும் பானெட்டின் மூக்கிலும் கிடைக்கும் ஒவ்வொரு பொந்தையும் ஈயத் தகட்டால் நிரப்புங்கள். இடம் மிகக் குறைவாக இருந்தால் டங்ஸ்டன் துண்டுகள் விலைக்குத் தகுந்த பயன் தரும். அதே இடத்தில் ஈயத்தைப்போல் 1.7 மடங்கு எடை. இரண்டு அச்சுகளுக்கும் நடுவில் எடை சமமாக விழ வேண்டும். இல்லையேல் பஞ்சு போன்ற முன்பக்கம் எழும்பி, இரண்டு சக்கரங்கள் சும்மா சுழலும். ஒவ்வோர் எஞ்சினையும் தனித்தனியே இலக்க முறையில் கட்டுப்படுத்தும் டிசிசி முறையில் ஓட்டுபவர்கள் சிறிய மின்தேக்கி ஒன்றைக் கேபினில் ஒளித்துவைத்தால், தூசிப் புள்ளிகளைக் கடக்கும் அந்தக் கணத்துக்கு மட்டும் அது மோட்டாரை உயிரோடு வைத்திருக்கும்.

உடற்பகுதியைப் பற்றிக் குறைவாகவே சொல்கிறேன், உங்கள் பிளாஸ்டிக் அனுபவம் இங்கே முழுமையாகக் கை கொடுக்கும். ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன்: எந்தத் தனி எஞ்சின் என்பதைத் தீர்மானித்துவிட்டுத் தொடங்குங்கள். தொழிற்சாலை எஞ்சின்களில் இரண்டு ஒன்றுபோல் இருந்ததில்லை. ஒன்றுக்குக் கேபின் கதவு கழற்றப்பட்டிருக்கும், மற்றொன்றின் பஃபர் கட்டைக்கு மேல் மரத்துண்டு ஆணியடிக்கப்பட்டிருக்கும். 1949-இல் தோன்றிய இண்டஸ்ட்ரியல் ரயில்வே சொசைட்டி, எந்தத் தொழிற்சாலையில் எந்தத் தயாரிப்பு எண்ணுள்ள எஞ்சின் இருந்தது என்பதைக் கையேடுகளாகத் தொகுத்து வருகிறது. நேரில் பார்க்க வாய்ப்பிருந்தால் ரட்லாந்தின் காட்ஸ்மோரில் உள்ள இரும்புத்தாது அருங்காட்சியகத்துக்கோ, லீட்ஸின் மிடில்டன் ரயில்வேக்கோ செல்லுங்கள். 1960 ஜூன் 20 அன்று தன்னார்வலர்கள் மிடில்டனில் தங்கள் முதல் ரயிலை ஓட்டியபோது அதை இழுத்தது நீராவி எஞ்சின் அல்ல. 1932-இல் அதே நகரின் ஹன்ஸ்லெட் பட்டறை கட்டிய சிறிய டீசல்தான். எப்போதும் பின்வரிசையில் வைக்கப்படும் இந்த எஞ்சின்கள்மேல் எனக்குள்ள மதிப்புக்கு அந்தச் செய்தியும் ஒரு காரணம். வண்ணத்தில், முனைகளின் கருப்பு மஞ்சள் பட்டைகளுக்கு மஞ்சளை முதலில் முழுவதும் பூசி, நன்கு காய்ந்தபின் டேப் ஒட்டிக் கருப்பைப் பூசுங்கள். மாற்றிச் செய்தால் கருப்பை மறைக்க மஞ்சள் நான்கு பூச்சு கேட்கும்.

உங்கள் நிலையில் இருந்து எங்கே தொடங்கலாம் என்றால், டாபோல் நிறுவனம் விற்கும் பழைய ஏர்ஃபிக்ஸ் வார்ப்பச்சில் செய்த ட்ரூரி ஷண்டர் பிளாஸ்டிக் கிட்டை முதலில் வாங்குங்கள். விலை குறைவு, மோட்டார் கிடையாது. ஷண்டரின் உடல் எப்படி அமைந்திருக்கிறது என்பதைக் கை அறிந்துகொள்ளும். அதற்கிணையாக, வெறும் பித்தளைத் துண்டுகளில் பற்றவைத்துப் பழகுங்கள். அதன்பின் 48டிஎஸ் போன்ற நான்கு சக்கர உலோகக் கிட்டை வாங்கலாம். சட்டகம் முடிந்ததும், உங்களிடம் உள்ள மிக மோசமான கிளைப்பாதையின் மேல் அதை நூறு முறை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். நிற்கும் ஒவ்வொரு முறையும் எந்தச் சக்கரம், எந்தக் கம்பி என்று கண்டுபிடித்துச் சரிசெய்யுங்கள். கேபினின் கூரையை மட்டும் ஒட்டாமல் வைத்திருங்கள். ஓட்டுநர் பொம்மையும் ஜன்னல் கண்ணாடியும் கடைசியாகத்தான் உள்ளே போகும், அப்போதும் சூப்பர் பசையைத் தவிர்த்து வெள்ளைப் பசையையே பயன்படுத்துங்கள், ஏனெனில் சூப்பர் பசையின் ஆவி மூடிய கேபினுக்குள் கண்ணாடியை ஓர் இரவில் வெளுக்க வைத்துவிடும்.