கடலில்லாச் சூலூரில் கடற்படை விமானதளம்

கேள்வி: சூலூர் விமானதளம் இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படையிடம் இருந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள். கடலே இல்லாத கொங்கு நாட்டில் கடற்படைக்கு என்ன வேலை?
– வாசகர், பல்லடம்

பதில்: பெரியவர்கள் சொன்னது உண்மைதான். 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கியதோடு, ‘ஹெர்மிஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பலையும் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்தன. கரையோரத் தளங்களை மட்டும் நம்பியிருக்க முடியாது என்பது அப்போதே தெளிவாகிவிட்டது.

விமானந்தாங்கிக் கப்பலில் இடம் மிகவும் குறைவு. இறக்கைகளை மடக்கித்தான் விமானங்களை நெருக்கமாக நிறுத்திவைப்பார்கள். உப்புக்காற்றில் துருவேறிய பாகங்களை மாற்றவும், எஞ்சினைக் கழற்றிப் பூட்டவும், புதிய விமானிகளைப் பழக்கவும் தரையில் ஓர் இடம் வேண்டும். அது எதிரிக்கு எட்டாத தொலைவில் இருப்பதுடன், துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்ப வசதியாகவும் இருக்க வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கொச்சித் துறைமுகத்தோடு ரயில் தொடர்பும், பஞ்சாலை இயந்திரங்களில் கைதேர்ந்த தொழிலாளர்களும் கொண்டிருந்த கோவை வட்டாரம் இதற்கு வெகுவாகப் பொருந்தியது. 1942-இல் கோவையில் ‘கருடா’ என்ற விமானப் பழுதுபார்ப்புத் தளமும், 1945-இல் சூலூரில் ‘வைரி’யும் செயற்படத் தொடங்கின. தரையில் இருந்தாலும், பிரிட்டிஷ் கடற்படை வழக்கப்படி இத்தளங்களுக்குப் போர்க்கப்பல்களைப் போலவே பெயர் சூட்டப்பட்டது.

கேள்வி: போருக்குப் பின் அந்தத் தளம் என்னவாயிற்று?
– அதே வாசகர்

பதில்: 1946-இல் பிரிட்டிஷ் கடற்படை வெளியேறியது. அதன் பிறகு நடந்ததுதான் நாம் கூடுதலாக அறிந்திருக்க வேண்டிய பகுதி என்பது என் கருத்து. தன் முதல் விமானந்தாங்கிக் கப்பலான ‘விக்ராந்த்’தை எதிர்பார்த்திருந்த இந்தியக் கடற்படை, தன் ஜெட் விமானிகளுக்கான பயிற்சிப் பிரிவைச் சூலூரில்தான் அமைத்தது. இன்று கோவாவின் அடையாளமாகிவிட்ட ‘ஐ.என்.எஸ். ஹன்சா’ என்ற கடற்படை விமானதளமும் 1961 செப்டம்பர் 5 அன்று இங்குதான் தொடங்கப்பட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் கோவா விடுதலை பெற்றதும், கடலை ஒட்டிய டபோலிம் விமானநிலையம் கடற்படையின் கைக்கு வந்தது. 1964-இல் ஹன்சா அங்கே இடம்பெயர்ந்தது.

கடற்படை போனாலும் பட்டறை வேலை நிற்கவில்லை. விமானப்படையின் ஐந்தாம் பழுதுபார்ப்பு நிலையம் (5 பி.ஆர்.டி.) சூலூரில் தொடர்ந்து இயங்கிவருகிறது. பிற்காலத்தில் போக்குவரத்து விமானங்களும் ஹெலிகாப்டர்களும் இங்கே நிறுத்தப்பட்டன. 2018-இல் தேஜஸ் போர் விமானங்களின் 45-ஆம் படைப்பிரிவு பெங்களூரிலிருந்து இங்கு வந்து சேர்ந்தது. 2020 மே மாதத்தில் 18-ஆம் படைப்பிரிவும் அதே விமானத்துடன் இங்கேயே செயற்படத் தொடங்கியது.