கேளுங்கள், சொல்கிறோம்: இயேசு தம்மைக் கடவுள் என்று சொன்னாரா?

“‘நான் கடவுள், என்னை வணங்குங்கள்’ என்று இயேசு சொன்ன ஒரு வசனத்தைக் காட்டு என்கிறார் உடன் வேலை பார்ப்பவர். எதைக் காட்டுவது?”
*வாசகர், பாளையங்கோட்டை*

அந்த வார்த்தைகளில் ஒரு வசனமும் கிடையாது. தேடி அலைய வேண்டாம். அவர் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இயேசு கடவுளா என்பது ஒன்று. தாம் கடவுள் என்று தம் வாயால் சொன்னாரா என்பது வேறு. முதலாவதற்கு ஆம் என்று சொல்லி ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணம் சொல்கிற வேதாகம அறிஞர்களிலேயே பலர், இரண்டாவதற்கு “வெளிப்படையாகச் சொல்லவில்லை, உயிர்த்தெழுதலுக்குப் பிறகே சீடர்கள் விளங்கிக்கொண்டார்கள்” என்பார்கள். இதைப் பிரிக்காமல் பேசினால் வாதம் முடியவே முடியாது.

பலர் முதலில் எடுப்பது யோவான் 10:30, “நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்.” அதோடு நிறுத்தினால் மாட்டிக்கொள்வீர்கள். எதிரே இருப்பவர் 17:22ஐத் திறப்பார். சீடர்களும் அப்படியே “ஒன்றாயிருக்க” வேண்டும் என்று அங்கே இயேசு ஜெபிக்கிறார். கிரேக்கத்தில் இரண்டு இடத்திலும் அதே ‘ஹென்’ என்ற சொல்தான். 10:33இல் “உன்னைத் தேவன் என்று சொல்லி” என்பதும் கல்லெறிய வந்தவர்களின் குற்றச்சாட்டு, இயேசுவின் வாக்கு அல்ல. அடுத்த வசனத்தில் இயேசு “நீங்கள் தேவர்கள்” என்று மனிதரைச் சொல்லும் சங்கீதம் 82:6ஐக் காட்டிப் பதில் சொல்கிறார்.

மாற்கு 2:5-12 இதைவிட உறுதியான இடம். “தேவன் ஒருவரேயன்றிப் பாவங்களை மன்னிக்கத்தக்கவர் யார்” என்று வேதபாரகர் மனதுக்குள் நினைக்க, இயேசு மன்னித்ததோடு நிற்காமல் திமிர்வாதக்காரனை எழுப்பி நடக்கவும் வைக்கிறார். மாற்கு 14:62இல், மேகங்களில் வரும் மனுஷகுமாரனைப் பற்றிய தானியேல் 7:13ஐயும், கர்த்தரின் வலதுபாரிசத்தில் உட்காருவதைப் பற்றிய சங்கீதம் 110:1ஐயும் சேர்த்துத் தம்மைப் பற்றிச் சொல்கிறார். அது தேவதூஷணம் என்று பிரதான ஆசாரியர் வஸ்திரத்தைக் கிழித்துக்கொள்கிறார். யோவான் 20:28இல் தோமா “என் ஆண்டவரே, என் தேவனே” என்றபோது இயேசு தடுக்கவில்லை. லீஸ்திராவில் ஊரார் பவுலையும் பர்னபாவையும் தெய்வங்களாக்கியபோது அவர்கள் பதறித் தடுத்ததை (அப்போஸ்தலர் 14:14-15) இதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

“யோவான் 8:58இல் ‘நான் இருக்கிறேன்’ என்பது கர்த்தருடைய பெயரேதானே? யெகோவாவின் சாட்சிகள் அதை மாற்றிவிட்டார்களாமே?”
*வாசகி, மதுரை*

“ஆபிரகாம் உண்டாகிறதற்கு முன்னமே நான் இருக்கிறேன்” என்பது பழைய தமிழ் வேதாகமத் திருப்புதல். கிரேக்கத்தில் ‘எகோ எய்மி’ என்ற இரண்டே சொற்கள். இந்தச் சொற்களே மந்திரம்போலக் கடவுளின் பெயர் ஆகிவிடாது. அடுத்த அதிகாரத்தில், 9:9இல், பார்வை பெற்ற பிச்சைக்காரனும் இதே ‘எகோ எய்மி’யைத்தான் சொல்கிறான். அங்கே தமிழில் “நான்தான் அவன்.” பொருளைத் தீர்மானிப்பது இடம்.

யாத்திராகமம் 3:14இன் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் ‘எகோ எய்மி ஹோ ஓன்’ என்றிருக்கிறது. பெயரின் கனம் ‘இருக்கிறவர்’ என்று பொருள்படும் கடைசிச் சொல்லான ‘ஓன்’ மேல் விழுகிறது. ஆகவே யோவானுக்குப் பின்னால் நிற்பது கர்த்தர் பேசும் ஏசாயா 43:10இன் ‘எகோ எய்மி’தான் என்று பலர் கருதுகிறார்கள். எங்களுக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது.

இதில் மொழிபெயர்ப்பாளர் கையைத் தமிழிலேயே பார்க்கலாம். யோவான் 8:24 பழைய திருப்புதலில் “நானே அவர்”, 1995இல் வந்த தமிழ் மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் “இருக்கிறவர் நானே.” திருவிவிலியத்தில் விடுதலைப் பயணம் 3:14இலும் “இருக்கிறவர் நானே” வருவதால் வாசகருக்கு உடனே பொறி தட்டுகிறது. மூலத்தில் அவ்வளவு பளிச்சென்று இல்லை.

சாட்சிகளின் 1950 ஆங்கிலப் புதிய ஏற்பாடு “ஆபிரகாமுக்கு முன்பிருந்தே இருந்துவருகிறேன்” என்ற பொருளில் போட்டது. இலக்கணத்தில் இதற்கு இடமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 14:9இல் “இவ்வளவுகாலம் நான் உங்களுடனேகூட இருந்தும்” என்ற இடத்திலும் கிரேக்கத்தில் நிகழ்கால ‘எய்மி’தான் நிற்கிறது. ஆனால் 8:58இல் ஆபிரகாமுக்கு ‘உண்டாதல்’, இயேசுவுக்கு ‘இருத்தல்’ என்று இரண்டு வினைகள் எதிரெதிரே நிற்கின்றன. “முன்பிருந்தே இருந்துவருகிறேன்” என்றால் அந்த மோதல் மங்கிவிடுகிறது. கேட்டவர்கள் ஏன் கல்லை எடுத்தார்கள் (8:59) என்பதற்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

“1 யோவான் 5:7இல் ‘பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி... இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்’ என்று தெளிவாக இருக்கிறதே, பிறகென்ன சர்ச்சை?”
*வாசகர், கோயம்புத்தூர்*

அந்த வரியை வாதத்துக்கு எடுக்காதீர்கள். பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் அது இல்லை. லத்தீன் வழியில் வந்தது. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட அறிஞர் எராஸ்முஸ் தம் 1516, 1519 பதிப்புகளில் விட்டுவிட்டு, எதிர்ப்புக்குப் பிறகு 1522இல் சேர்த்தார். அங்கிருந்து 1611 ஆங்கில வேதாகமத்துக்கும் நம் பழைய திருப்புதலுக்கும் வந்தது. திருவிவிலியத்தில் கிடையாது.

1 தீமோத்தேயு 3:16இலும் கவனம் தேவை. “தேவன் மாம்சத்திலே வெளிப்பட்டார்” என்பது பழைய திருப்புதல். பழம்படிகளில் இருப்பது “அவர்” என்ற பொருள் தரும் ‘ஹோஸ்’. தேவன் என்பதைப் படியெடுப்போர் ΘΣ என்று சுருக்கி மேலே கோடிடுவார்கள்; ‘ஹோஸ்’ என்பது ΟΣ. வட்டத்துக்குள் ஒரு கீற்று, மேலே ஒரு கோடு, அவ்வளவுதான் வித்தியாசம். இந்த இரண்டு வசனங்களையும் விட்டுவிட்டாலும், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவ வாதம் விழுந்துவிடாது. 4ஆம் நூற்றாண்டு கிரேக்கப் பிதாக்கள் 1 யோவான் 5:7 இல்லாமலேதான் வாதாடினார்கள்.

“‘குமாரனும் அறியார்’ என்கிறாரே (மாற்கு 13:32). கடவுளுக்குத் தெரியாதது உண்டா?”
*வாசகர், தஞ்சாவூர்*

4ஆம் நூற்றாண்டில் அரியு தரப்பார் கேட்ட கேள்வி. அலெக்சாந்திரியா மூப்பரான அரியு, இயேசுவை வெறும் மனிதர் என்று சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் முன் படைக்கப்பட்டவர், ஆனாலும் படைக்கப்பட்டவர் என்றார். 325இல் நைசீயா சங்கம் அதை மறுத்து, “உண்டாக்கப்பட்டவர் அல்லர், தந்தையோடு ஒரே பொருளானவர்” என்றது. மாற்கு வசனத்துக்கு, அரியுவை எதிர்த்த அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் தந்த விடை, மனிதராக அறியார் என்பது. 451இல் கல்செதோன் சங்கம் ஒரே ஆளில் இரண்டு இயல்புகள் என்று வரையறுத்தபின் மேற்கிலும் பைசாந்தியத்திலும் அதுவே வழக்கமான விளக்கம்.

திரித்துவத்தை ஏற்காத யுனிட்டேரியர் இந்தச் சுற்றுவழியே வேண்டாம், அவர் கடவுள் அனுப்பிய மனிதர் என்பார்கள். போலந்தின் ராக்கோவில் 1605இல் இதற்கு ஒரு வினாவிடை நூலே அச்சானது. அந்தக் குரல் நமக்கும் தூரமில்லை: வில்லியம் ராபர்ட்ஸ் என்ற தமிழர் 1795இல் மதராஸில் யுனிட்டேரியன் சபையைத் தொடங்கினார்.

ஒரு வேடிக்கை: மத்தேயு 24:36இல் பல பழம்படிகளில் “மகனுக்கும்” உண்டு, திருவிவிலியத்திலும் உண்டு, பழைய திருப்புதலில் அந்தச் சொல் இல்லை. படியெடுத்தவர்களுக்கும் உங்கள் சங்கடம் இருந்திருக்க வேண்டும்.

“பொய்யர், பைத்தியம், அல்லது கர்த்தர், இந்த மூன்றில் ஒன்றுதான் என்கிறாரே எங்கள் போதகர்?”
*வாசகி, கொழும்பு*

1940களில் எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் வானொலிப் பேச்சுகளில் பரப்பிய வாதம். இயேசு தம்மைக் கடவுள் என்று சொன்னார் என்பதை முன்பே ஒப்புக்கொண்டவரிடம்தான் செல்லும். சொன்னாரா என்றே கேட்பவரிடம் இதை நீட்டினால், அவர் கேட்ட கேள்வியைத் தாண்டிக் குதிக்கிறீர்கள்.

“‘இயேசுவின் நாமத்தில்’ மட்டும் ஞானஸ்நானம் கொடுக்கும் சபையாரும் சாட்சிகளும் ஒன்றா?”
*வாசகர், தூத்துக்குடி*

இல்லை, நேரெதிர். இருவரும் திரித்துவத்தை மறுப்பவர்கள்தான். சாட்சிகள் குமாரனைப் பிதாவுக்குக் கீழே படைக்கப்பட்டவராக வைக்கிறார்கள். இயேசு நாமச் சபையாரோ பிதாவும் இயேசுவும் ஒருவரே, வேறு வேறு ஆள்கள் இல்லை என்கிறார்கள். அப்போஸ்தலர் 2:38ஐப் பிடித்து அந்தப் பெயரிலேயே முழுக்கு. இவர்களிடம் போய் இயேசு கடவுள் என்று நிரூபிக்க உட்கார்ந்தால் ஆமென் சொல்லி உங்களுக்குக் காப்பி கொடுப்பார்கள். கெத்செமனேயில் அவர் யாரிடம் ஜெபித்தார் என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு அங்கேதான் தொடங்கும்.