சீன கிராமத்துல இங்கிலீஷ் வாத்தியார் வேலை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, யூடியூப்ல ஒரு வெள்ளைக்காரர் சீனாவுல ஏதோ மலைக்கிராமத்து ஸ்கூல்ல இங்கிலீஷ் நடத்துறாரு, ஊருக்குக் கிளம்புறப்போ பசங்க எல்லாம் கட்டிப்பிடிச்சு அழுவுதுங்க. நெசமாவே இவங்களால அந்தப் புள்ளைங்களுக்கு இங்கிலீஷ் வருதா, இல்ல சும்மா வீடியோவுக்கா? (வாசகி, தேனி)

பதில்: அழுகை நெசந்தான்மா, அதுல டவுட் வேணாம். இங்கிலீஷ் வருதாங்கறதுதான் வேற கதை. எனக்குப் பழக்கமான அமெரிக்கர் ஒருத்தர் குய்சோ மாகாணத்துல ஒரு சின்ன டவுன் ஸ்கூல்ல வேலை பாத்தவரு, சுத்துப்பட்டு கிராமத்துப் புள்ளைங்க எல்லாம் அங்கதான் ஹாஸ்டல்ல தங்கிப் படிக்கும், பாதிப் புள்ளைங்களுக்கு அப்பா அம்மா குவாங்டாங் பக்கம் ஃபேக்டரி வேலைக்குப் போயிட்டு சீனப் புத்தாண்டுக்கு மட்டும் ஊருக்கு வர்றவங்க. காலைல விடிஞ்சும் விடியாம புள்ளைங்க புக்கை மூஞ்சிக்கு நேரா தூக்கிப் பிடிச்சிக்கிட்டு ஆளுக்கொரு பக்கத்தை சத்தம் போட்டு மனப்பாடம் பண்ணுமாம், பக்கத்துல நிக்கிறவன் பேசுனாக்கூட கேக்காதாம். சீனாவுல சின்லிங் மலை, ஹுவாய் நதிக்கு வடக்க இருக்கிற ஊருக்குத்தான் சர்க்கார் ஹீட்டிங் குடுக்கும், குய்சோ அதுக்குத் தெக்க இருக்கறதால டிசம்பர்ல கிளாஸ்ல எல்லாரும் கோட்டு போட்டுக்கிட்டு வாயில புகை விட்டுக்கிட்டுத்தான் உக்காந்திருப்பாங்களாம், சாக்பீஸ் புடிக்க விரல் மடங்காதாம் இவருக்கு.

இவருக்குக் குடுத்தது 'ஓரல் இங்கிலீஷ்'. ஒரு செக்‌ஷனுக்கு வாரத்துக்கு ஒரு பீரியட், கிளாஸ்ல 60 பேரு, கணக்குப் போட்டுப் பாருங்க, ஒரு புள்ளைக்கு ஒரு நிமிஷம்கூட பேச சான்ஸ் வராது. கடைசி பெஞ்சுல ஒரு பையன் இங்கிலீஷ் புக்குக்கு அடியில கணக்குத் தாளை வெச்சு போட்டுக்கிட்டிருந்தானாம், கேட்டா கூச்சமே படாம 'இது எக்ஸாம்ல வராதே சார்'னுட்டான். அவன் சொன்னது கரெக்ட்டு. அங்க ஜூன் மாசம் வர்ற கவோகாவ் பரீட்சைதான் எல்லாம், நம்மூர் பிளஸ் டூவையும் நீட்டையும் ஒண்ணா கட்டி ரெண்டு மூணு நாள்ல முடிச்சாப்ல, மொத்தம் 750 மார்க்குல இங்கிலீஷுக்கு 150, அதுல பேசுறதுக்கு பெரும்பாலான மாகாணத்துல மார்க்கே கிடையாது. நாலு ஆப்ஷன்ல இது ஏன் தப்புன்னு கேட்டா உள்ளூர் டீச்சரம்மா ரூல் நம்பரோட சொல்லிடும், நம்ம ஆளு 'காதுக்கு சரியா இல்ல'ன்னு தலைய சொறிவாரு. அதனால ஸ்கூலுக்கு அவரு ஒரு பெருமை, அட்மிஷன் நோட்டீஸ்ல போட்டோ, விருந்துல முதல் கிளாஸ் பைஜியு சாராயம் அவருக்குத்தான் (அது தனிக் கொடுமை), ஆனா சிலபஸுக்கு அவரு தேவையில்ல.

என்னைக் கேட்டா உருப்படியான வேலை வேற இடத்துல நடந்துச்சும்பேன். அமெரிக்காவோட பீஸ் கார்ப்ஸ் தொண்டர்கள் 1993ல இருந்து சிச்சுவான், சோங்சிங், குய்சோ, கான்சு பக்கம் போனாங்க, அந்த வருஷங்கள்ல பெரும்பாலும் குழந்தைங்களுக்கு நடத்தல, டீச்சர் ட்ரெய்னிங் காலேஜ்ல நடத்துனாங்க. அங்க படிச்சதும் விவசாயி வீட்டுப் புள்ளைங்கதான், முடிச்சிட்டு கிராமத்து ஸ்கூலுக்கே வாத்தியாரா போனவங்க. 2001ல மூணாங்கிளாஸ்ல இருந்தே இங்கிலீஷ்னு சர்க்கார் கொண்டு வந்தப்போ கிராமத்துக்கு இங்கிலீஷ் வாத்தியார் எவ்ளோ தேவைப்பட்டிருப்பாங்கன்னு யோசிங்க. ஒரு வெள்ளைக்காரர்கிட்ட தைரியமா பேசிப் பழகுனவரு அப்புறம் 30 வருஷம் கிளாஸ் எடுப்பாருல்ல, கணக்கு அங்கதான் வருது. அந்தத் திட்டத்தை 2020ல மூடிட்டாங்க, மூடறோம்னு ஜனவரில அறிவிச்சு, உடனே கொரோனா வந்து இருந்தவங்களையும் அவசரமா கூட்டிட்டுப் போனாங்க.

கேள்வி: எம்.ஏ இங்கிலீஷ், பி.எட் முடிச்சிருக்கேன் சார். சீனாவுல கிராமத்து ஸ்கூல்ல வேலை, மொதல்ல பிசினஸ் விசாவுல போயிடலாம், அப்புறம் மாத்திக்கலாம்னு ஒரு ஏஜென்ட் லட்சக்கணக்குல கேக்கறாரு. போலாமா? (வாசகர், கோவில்பட்டி)

பதில்: தம்பி, பணத்தைக் குடுத்துராதீங்க. இங்கிலீஷ் டீச்சர் வேலைக்கு அவங்க மொதல்ல பாக்கறது பாஸ்போர்ட்டை, அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாப்பிரிக்கா, இந்த நாட்டுக்காரங்களுக்குத்தான் முதல் இடம். நம்ம பாஸ்போர்ட்டுக்கு பர்மிட் வாங்கறது ரொம்ப கஷ்டம், நீங்க அவங்கள விட நல்லா கிராமர் நடத்துவீங்க, அதுல எனக்கு சந்தேகமே இல்ல, ஆனாலும் நிலவரம் இதுதான். வேலைக்குன்னு தனியா இசட் விசா இருக்கு, அதுக்கு முன்னாடி அங்கருந்து ஒர்க் பர்மிட் நோட்டீஸ் உங்க பேருக்கு வரணும். பிசினஸ் விசாவுல போய் பாடம் நடத்தி மாட்டுனா 5,000ல இருந்து 20,000 யுவான் வரைக்கும் ஃபைன், கேஸ் பெருசுன்னா 5ல இருந்து 15 நாள் உள்ள வெச்சிருவாங்க, அப்புறம் ஊருக்கு அனுப்பிடுவாங்க. ஏஜென்ட் அப்போ போனை எடுக்க மாட்டாரு.

வீட்ல இருந்தே ஆன்லைன்ல சீனக் குழந்தைங்களுக்கு எடுக்கலாமான்னு அடுத்து கேப்பீங்க. 2021 ஜூலைல சீன சர்க்கார் டியூஷன் கம்பெனிங்க மேல ஒரே போடா போட்டுச்சு, வெளிநாட்டுல உக்காந்திருக்கிற டீச்சரை வெச்சு அந்தக் கம்பெனிங்க கிளாஸ் எடுக்கக்கூடாதுன்னு அந்த உத்தரவுலயே இருக்கு. டீச்சிங்தான் ஆசைன்னா டி.ஆர்.பி-க்குப் படிங்க தம்பி, அந்த ஏஜென்ட்கிட்ட குடுத்த சர்டிஃபிகேட் ஒரிஜினல் ஏதாச்சும் இருந்தா இன்னிக்கே போய் வாங்கிருங்க.