'என்ன செய்யணும், சொல்லு' என்று கேட்காதீர்கள்

கேள்வி: குழந்தைக்கு மூன்று மாதம். மனைவி தாய்வீட்டிலிருந்து வந்து இரண்டு வாரமாகிறது. 'என்ன செய்யணும், சொல்லு' என்று கேட்டாலே எரிந்து விழுகிறாள். என் அம்மா கூடவே இருந்தும் இப்படி. தாம்பத்தியமும் இல்லை. எங்களுக்குள் விலகல் வந்துவிட்டதோ?

பதில்: அவரைக் கோபப்படுத்துவதே அந்தக் கேள்விதான். டயப்பர் எத்தனை மீதி, கடைசியாக எந்தப் பக்கம் பால் கொடுத்தோம் என்று எல்லாமே அவர் தலையில் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு வேலை பிரித்துக் கொடுப்பதும் சேர்ந்தால் எரிச்சல் வராதா? இரண்டரை மாதமாக நீங்கள் அவர் தாய்வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போய், குழந்தையைக் கொஞ்சி, சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருப்பீர்கள். குழந்தையின் அழுகையில் எது பசி, எது தூக்கம் என்று அவருக்குத் தெரியும். உங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான்.

ஒரு வேலையை முழுசாக எடுத்துக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிப் பாலுக்குப் பிறகு குழந்தை உங்கள் பொறுப்பு. தோளில் ஒரு துண்டைப் போட்டு, குழந்தையைச் சாய்த்து, முதுகைத் தடவிக்கொடுங்கள். ஏப்பம் வர ஐந்து நிமிடமும் ஆகும், பதினைந்தும் ஆகும். துண்டையும் தாண்டிச் சட்டை நனையும். முதல் நாள் வீறிட்டு அழும். மனைவி கதவோரம் வந்து எட்டிப் பார்ப்பார். உடனே அவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். அடுத்த பால் வரை அவர் ஒரே மூச்சாகத் தூங்கட்டும். 14-வது வாரத் தடுப்பூசிக்கும் தேதி பார்த்து நீங்களே கிளம்புங்கள்.

அம்மா இருப்பது உதவிதான். ஆனால் 'பால் பத்தலையோ' என்று அவர் கேட்டால், பதில் சொல்ல வேண்டியது நீங்கள், மனைவி அல்ல.

ஒன்றைக் கவனியுங்கள். குழந்தை தூங்கும்போதும் மனைவிக்குத் தூக்கம் வராமல், இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அது வெறும் எரிச்சல் அல்ல, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். மருத்துவரைப் பாருங்கள், அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416-ல் தமிழிலேயே பேசலாம். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

தாம்பத்தியத்துக்கு அவசரம் வேண்டாம். பால் கொடுக்கும்வரை ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவு. அதனால் வறட்சியும் வலியும் சகஜம், உங்கள்மேல் உள்ள வெறுப்பு அல்ல. மருந்துக் கடையில் கிடைக்கும் நீர்சார்ந்த ஜெல் உதவும். 'இன்னும் தீட்டு வரவில்லையே' என்று மெத்தனமாக இருக்காதீர்கள். அதற்கு முன்பே கருமுட்டை வெளிப்பட்டுவிடலாம். கருத்தடைக்குக் காப்பர்-டியா, ஆணுறையா என்று மருத்துவரிடம் கேட்கப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள்.