பேக்கன் போட்ட பேக்டு பீன்ஸ்: முதலில் பீன்ஸ் வேகட்டும்

பெரம்பூரில் ரயில்வே குடியிருப்புப் பக்கம் வளர்ந்தவள் நான். அடுத்த வீட்டு ஆங்கிலோ இந்திய ஆன்ட்டியிடம் கற்ற பேக்டு பீன்ஸை இருபது வருடமாகச் செய்துவருகிறேன். வெள்ளை ராஜ்மாவைத் தனியாக வேகவைத்து, பேக்கன், தக்காளி, கருப்பட்டியோடு ஓவனில் இரண்டு மணி நேரம் வைப்பதுதான் அது. போன வாரம் செய்முறை சொன்னதிலிருந்து கேள்விகள் குவிந்துவிட்டன. அளவு மட்டும் இன்னொரு முறை: காய்ந்த வெள்ளை ராஜ்மா 250 கிராம், பேக்கன் (உப்பில் ஊறவைத்த பன்றிக்கறி) 150 கிராம், பெரிய வெங்காயம் 2, தக்காளி 4, கருப்பட்டி 60 கிராம், கடுகுத்தூள் 1 தேக்கரண்டி, வினிகர் 1 மேசைக்கரண்டி, கிராம்பு 2, மிளகுத்தூள். இனி கேள்விகள்.

வேளச்சேரி: நேவி பீன்ஸ் (பேக்டு பீன்ஸுக்குப் போடும் சின்ன வெள்ளை பீன்ஸ்) சென்னையில் எங்கே கிடைக்கும்? வெள்ளைக் காராமணி போடலாமா?

அதைத் தேடி அலைய வேண்டாம். நேவி பீன்ஸும் ராஜ்மாவும் ஒரே இனம்தான். சௌகார்பேட்டை மளிகைக் கடைகளில் வெள்ளை ராஜ்மா என்று கேளுங்கள், சிறிய மணியாகப் பொறுக்குங்கள். காராமணி வேறு இனம். சீக்கிரம் வெந்து குழைந்துவிடும், இரண்டு மணி நேர ஓவன் சூட்டைத் தாங்காது.

அண்ணா நகர்: அக்கா, எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு நான்கு மணி நேரம் ஓவனில் வைத்தேன். பீன்ஸ் கல் மாதிரியே இருந்தது. ஏன்?

ஒன்றாகப் போட்டதுதான் காரணம். பீன்ஸின் செல்களை ஒட்டிப் பிடித்திருப்பது பெக்டின். அது கரைந்தால்தான் பீன்ஸ் மெத்தென்று ஆகும். தக்காளி, வினிகர், புளி எதுவானாலும் புளிப்பு அதைக் கரையவிடாது. கால்சியம் இன்னும் மோசம், பெக்டினை இறுக்கிக் கட்டிவிடும். அதனால் பீன்ஸ் தனியாக, வெறும் தண்ணீரில், இரு விரலால் நசுக்கினால் மசியும் வரை வேக வேண்டும். அதற்குப் பிறகுதான் தக்காளியும் கருப்பட்டியும். இந்தச் சமையலில் பெரிய விதி இது ஒன்றுதான்.

உங்கள் வீட்டில் போர் தண்ணீரா? அதிலும் கால்சியம் உண்டு. கேன் தண்ணீரில் ஊறவைத்து, வேகவைக்கவும் புதிதாகக் கேன் தண்ணீரையே ஊற்றுங்கள். ஊறவைக்கும்போது லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்பு போடுங்கள். உப்பு போட்டால் பயறு வேகாது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். ஊறும் தண்ணீரில் போடும் உப்பு தோலை மிருதுவாக்குகிறது, நான் பலமுறை பார்த்துவிட்டேன். அப்புறம், பீன்ஸின் வயது. வெக்கையும் ஈரமும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் கிடந்த பீன்ஸ் எத்தனை விசில் விட்டாலும் விறைப்பாகவே இருக்கும். சென்னையில் ஒரு வருட ஸ்டாக் வாங்கி வைக்காதீர்கள்.

மடிப்பாக்கம்: ஸ்லோ குக்கரில் (மணிக்கணக்கில் மெதுவாக வேகவைக்கும் மின்பாத்திரம்) இரவு போட்டு காலையில் எடுக்கலாமா?

கூடாது. பச்சை ராஜ்மாவில் லெக்டின் என்ற நச்சு இருக்கிறது. சிவப்பில் அதிகம், வெள்ளையில் குறைவு. ஆனால் இல்லாமல் இல்லை. சரியாக வேகாத நாலைந்து பீன்ஸ் தின்றாலே சில மணி நேரத்தில் கடும் வாந்தி வரும். ஸ்லோ குக்கர் கொதிநிலையைத் தொடாமல் 80 டிகிரி வாக்கில் நின்றுவிட்டால் நச்சு அழியாது, கூடவும் வாய்ப்புண்டு. ஊறிய தண்ணீரைக் கொட்டுங்கள், புதுத் தண்ணீரில் தளதளவென்று பத்து நிமிடமாவது கொதிக்கவிடுங்கள். பிறகு எந்தப் பாத்திரத்தில் வேண்டுமானாலும் வேகட்டும்.

தி.நகர்: எத்தனை விசில்?

எட்டு மணி நேரம் ஊறியிருந்தால், திறந்தபடி பத்து நிமிடம் கொதிக்கவைத்து, நுரையை எடுத்துவிட்டு, மூன்று விசில். மே மாதத்தில் வெளியே ஊறவைத்தால் விடிவதற்குள் புளித்து நாறும். பிரிட்ஜில் ஊறட்டும்.

கீழ்ப்பாக்கம்: எந்த பேக்கன் வாங்குவது? எப்போது சேர்ப்பது?

கொழுப்பு வரிவரியாக ஓடும் வயிற்றுப்பகுதி பேக்கன்தான் வேண்டும். கொழுப்பில்லாத பேக்கன் ஓவனில் செருப்புத்தோல் ஆகிவிடும். உறைந்த பாக்கெட்டை முந்தின இரவே பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக்குங்கள். சூடேறாத வாணலியில் போட்டு, சின்னத் தீயில் கொழுப்பு உருகும்வரை பொறுமையாக விடுங்கள். பாதியை நறுக்கி வதக்கி, அந்தக் கொழுப்பிலேயே வெங்காயம், தக்காளி. மீதியை முழுத் துண்டாக மேலே பரப்பி, 150 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் மூடியும், கடைசி அரை மணி நேரம் திறந்தும் வையுங்கள். பேக்கனே உப்பில் ஊறியது. கடைசியில் ருசி பார்க்காமல் உப்பு போடாதீர்கள்.

நுங்கம்பாக்கம்: கருப்பட்டி போட்டால் அது பேக்டு பீன்ஸே அல்ல. அமெரிக்காவின் பாஸ்டனில் மொலாசஸ்தான் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கருத்த கரும்புப் பாகு) போடுவார்கள்.

போடுவார்கள், உண்மை. ஏன் போட்டார்கள் என்பதையும் பாருங்கள். கரீபியன் கரும்பாலைகளிலிருந்து கப்பல் கப்பலாக மொலாசஸ் வந்து இறங்கிய துறைமுகம் அது. 1919 ஜனவரி 15 அன்று அங்கே ஒரு மொலாசஸ் தொட்டி உடைந்து, தெருவில் பாய்ந்த பாகில் 21 பேர் இறந்தார்கள். அவ்வளவு மொலாசஸ் புழங்கிய ஊர். கைக்கெட்டிய இனிப்பை அவர்கள் போட்டார்கள். நமக்குக் கைக்கெட்டுவது பனை. அந்தக் கருமையும் லேசான புகைவாசமும் சீனியில் வராது, வெல்லத்திலும் முழுதாக வராது.

தாம்பரம்: நான் தூத்துக்குடிக்காரன். கருப்பட்டிக்கு நிகர் எதுவுமில்லை, சரியாகச் சொன்னீர்கள் அக்கா. ஆனால் பீன்ஸோடு சேர்த்தே வேகவிட்டால்தானே உள்ளே இனிப்பு இறங்கும்?

தம்பி, உங்கள் ஊர்ச் சங்கதியை வைத்தே சொல்கிறேன். பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தின் உள்ளே என்ன தடவுவார்கள்? சுண்ணாம்பு. அதில் கொஞ்சம் கருப்பட்டியிலும் தங்கும். சுண்ணாம்பு என்றால் கால்சியம். ஆக்ரா பேட்டா செய்கிறவர்கள் பூசணியைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைப்பதே அது பாகில் குழையாமல் நிற்கத்தான். வேகாத பீன்ஸில் கருப்பட்டியைப் போட்டால் அதே வேலை நடக்கும். வெந்த பீன்ஸில் போட்டால் அந்தச் சுண்ணாம்பே நமக்கு உதவி: இரண்டு மணி நேரம் ஓவனில் இருந்தும் பீன்ஸ் உடையாது. மொலாசஸிலும் கால்சியம் நிறைய. வெந்நீரில் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள், அடியில் மண் நிற்கும்.

நுங்கம்பாக்கம், மறுபடியும்: டின்னில் வரும் பிரிட்டிஷ் பீன்ஸில் கருமையே இல்லையே?

அது வேறு பதார்த்தம். தக்காளிச் சாறு, பேக்கன் கிடையாது, டின்னுக்குள்ளேயே வேகவைப்பது. ஓவனைப் பார்த்ததே இல்லை. 1886இல் லண்டன் ஃபோர்ட்னம் அண்ட் மேசன் கடையில் அமெரிக்க ஹைன்ஸ் கம்பெனியின் டின் பீன்ஸ் வெளிநாட்டு உயர்வகைப் பண்டமாக விற்றது. இன்று அங்கே அன்றாடச் சாப்பாடு. ஊர் மாறினால் பண்டமும் மாறும், அதில் தவறே இல்லை. எனக்குத் தக்காளியும் வேண்டும், கருமையும் வேண்டும். பெரம்பூர் ஆன்ட்டி இரண்டையும்தான் போட்டார்.

போரூர்: தக்காளியோடு வேகவைத்தேன், பீன்ஸ் வேகவில்லை.

அண்ணா நகருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பல்லாவரம்: ஊறிய தண்ணீரில்தானே சத்து? அதிலேயே வேகவைக்கலாமா?

கொட்டுங்கள். வாயு உண்டாக்கும் சர்க்கரைகளிலும் லெக்டினிலும் கொஞ்சம் அதோடு போகும்.

மயிலாப்பூர்: பன்றிக்கறி சாப்பிடமாட்டோம். அந்தப் புகைவாசத்துக்கு என்ன செய்வது?

வெந்த பீன்ஸின் நடுவே சின்னக் கிண்ணத்தில் தணலான கொட்டாங்குச்சிக் கரி, அதன்மேல் ஒரு சொட்டு நெய், உடனே மூடி ஐந்து நிமிடம். கொழுப்புக்குப் பதில் வெண்ணெய் இரண்டு கரண்டி. நன்றாகவே இருக்கும்.

அம்பத்தூர்: பாட்டிலில் அடைத்து விற்கலாமா? எத்தனை மாதம் தாங்கும்?

வேண்டாம். வீட்டில் காற்றுப்புகாமல் அடைத்து வெளியே வைக்கும் பீன்ஸில் பொட்டுலிசம் கிருமி வளரலாம். அதன் வித்துகள் சாதாரணக் கொதிப்பில் சாகாது, அழுத்தத்தில் 121 டிகிரி வேண்டும். உயிரை எடுக்கும் விஷயம் இது. இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைத்து மூன்று நாளில் முடியுங்கள், மீதியை ஃப்ரீசரில் போடுங்கள். விற்பனை என்றால் உணவுப் பாதுகாப்பு உரிமம் தருபவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

குரோம்பேட்டை: அப்பாவுக்குப் பிரஷர். தரலாமா?

பேக்கனில் உப்பு மிக அதிகம். அவருடைய டாக்டரைக் கேளுங்கள்.

முகப்பேர்: ஸ்லோ குக்கரில் செய்தால் கேஸ் மிச்சமாகுமே?

பத்து நிமிடம் அடுப்பில் கொதித்த பிறகு தாராளமாக. அதற்கு முன் ஒரு நிமிடம்கூட வேண்டாம்.

ராயபுரம்: எதோடு சாப்பிடுவது?

கனமான பிரெட்டை நெய்யில் வாட்டி. எங்கள் வீட்டில் மறுநாள் காலை தோசைக்குள் வைப்போம். முதல் நாளைவிட அன்றைக்குத்தான் பேக்கன் வாசம் பீன்ஸுக்குள் இறங்கியிருக்கும்.