ஆலையில் பிடித்த பீரும் பெருவிரல் வலியும்

கேள்வி: எனக்கு வயது 43. ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் பொறியாளராகப் பணிபுரிகிறேன். விடுமுறை நாட்களில் சுற்றியுள்ள கிராமங்களின் சிறு பீர் ஆலைகளுக்கு நடந்து சென்று, வடிகட்டாத பீரை அங்கேயே அருந்துவதும், இரண்டு லிட்டர் கண்ணாடிக் குடுவையில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவருவதும் என் வழக்கம். இதில் ரசாயனம் கிடையாது, உயிருள்ள ஈஸ்ட்டும் பி வைட்டமின்களும் இருப்பதால் உடம்புக்கு நல்லது என்கிறார்கள். சென்ற மாதம் ஓர் இரவில் வலது கால் பெருவிரல் வீங்கிச் சிவந்து, போர்வை பட்டாலே தாங்க முடியாத வலி வந்தது. யூரிக் அமிலம் 8.1 மி.கி. ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். பாஸ்டரைஸ் செய்யாத பீரில் கிருமி இருக்குமே என்று மனைவி அஞ்சுகிறார். நான் இதை நிறுத்தியே ஆக வேண்டுமா?

பதில்: உங்கள் மனைவியின் அச்சத்தை முதலில் தீர்த்துவிடலாம். காய்ச்சாத பாலையும் பாஸ்டரைஸ் செய்யாத பீரையும் ஒரே தட்டில் வைக்க வேண்டியதில்லை. பீரின் புளிப்புத்தன்மை, ஆல்கஹால், ஹாப்ஸ் என்ற பூவின் கசப்புப் பொருள்கள், கரிவளி, பிராணவாயு இல்லாமை ஆகியவை ஒன்றுசேர்ந்து, மனிதருக்கு நோய் தரும் கிருமிகள் அதில் வளராமல் தடுக்கின்றன. லாக்டோபாசில்லஸ் போன்ற பாக்டீரியாக்கள் புகுந்தால் பீர் புளித்துச் சுவை கெடுமே தவிர, குடித்தவர் அதனால் நோயில் விழுவது அரிது. குடுவையை நிமிர்த்தி, வெளிச்சம் படாமல், குளிர்பெட்டியில் வைத்து, சில நாட்களுக்குள் தீர்த்துவிடுவதே முறை. கோடை வெயிலில் காருக்குள் விட்டுவிட்டால் அழுத்தம் ஏறிக் கண்ணாடி வெடிக்கக்கூடும் என்பதுதான் அந்தக் குடுவையைப் பொறுத்தவரை நான் அஞ்சும் கிருமி.

ஆனால் உங்கள் பெருவிரல் வேறொரு கதையைச் சொல்கிறது. நீங்கள் விவரிக்கும் வலி, கவுட் எனப்படும் யூரிக் அமில மூட்டழற்சியின் பாடநூல் வடிவம். ரத்தத்தில் யூரிக் அமிலம் ஏறத்தாழ 6.8 மி.கி. அளவைத் தாண்டும்போது அது ஊசி போன்ற படிகங்களாக மூட்டில் படியத் தொடங்குகிறது. உடலில் குளிர்ச்சியான இடங்களுள் ஒன்றான கால் பெருவிரலை அது பெரும்பாலும் முதலில் தேர்ந்தெடுக்கிறது. இந்த அமிலம் பியூரின் என்ற பொருள் சிதைவதால் உண்டாவது. மதுவகைகளில் பீருக்கு மட்டும் இங்கே இரட்டைப் பங்கு உண்டு. அதன் ஆல்கஹால், உடல் செல்களின் பியூரின் சிதைவை விரைவுபடுத்துவதோடு, லாக்டேட் என்ற கழிவுப்பொருளைப் பெருக்கி, சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியேற்றுவதையும் மந்தமாக்குகிறது. மால்ட் எனப்படும் முளைகட்டிய பார்லியிலிருந்தும் ஈஸ்ட்டிலிருந்தும் வரும் பியூரினோ பீரிலேயே கரைந்திருக்கிறது. வடிகட்டாத பீரில் ஈஸ்ட்டும் கூடவே தங்கிவிடுகிறது. ஆக, எந்த ஈஸ்ட்டுக்காக அதை நல்லது என்று உங்களிடம் சொன்னார்களோ, அந்த ஈஸ்ட்தான் உங்களுக்கு ஆகாதது. 1516ஆம் ஆண்டின் பவேரியத் தூய்மைச் சட்டம் பீரில் தண்ணீர், பார்லி, ஹாப்ஸ் தவிர வேறெதையும் சேர்க்க விடவில்லை என்பது உண்மையே. ஆனால் உங்களுக்குத் தொல்லை தருவது வெளியிலிருந்து சேர்த்த ரசாயனம் அன்று. அந்த பார்லியும் ஈஸ்ட்டும் கொண்டுவந்த பொருளே. பி வைட்டமின் சிறிதளவு இருக்கிறது என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் குடல் தயமின் எனப்படும் பி1 வைட்டமினை உறிஞ்சுவதை ஆல்கஹால் குறைக்கிறது என்பதால், வைட்டமினுக்காக பீர் அருந்துவது ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வதாகும்.

இனி அளவு. ஐந்து விழுக்காடு பீர் அரை லிட்டரில், அதாவது உங்கள் ஊரில் சைட்லா என்று கேட்டு வாங்கும் ஒரு குவளையில், ஏறத்தாழ 20 கிராம் ஆல்கஹால் உள்ளது. கல்லீரல் ஒரு மணி நேரத்தில் 7 முதல் 10 கிராம் வரைதான் செரிக்கும். அருகிலுள்ள ஆஃப்செஸ் என்ற சிற்றூரை, மக்கள்தொகைக்கு மிக அதிக பீர் ஆலைகள் கொண்டது என்று 2000ஆம் ஆண்டில் கின்னஸ் ஏற்றது. அங்கே நான்கு ஆலைகளை இணைக்கும் நடைபாதையில் ஆலைக்கொரு குவளை என்று போனால் 80 கிராம் ஆகிவிடும். ஆயினும் அந்த நடையில் மணிக்கணக்கான இடைவெளியாவது இருக்கிறது. வீட்டுக்கு வரும் இரண்டு லிட்டர் குடுவையில் அதே 80 கிராம் இருக்கிறது, இடைவெளி மட்டும் இல்லை. திறந்துவிட்டால் மறுநாளே கரிவளி போய்ச் சப்பென்று ஆகிவிடும் என்பதால், நல்ல பீர் வீணாகலாமா என்ற எண்ணமே அன்றிரவு எவ்வளவு என்பதைத் தீர்மானித்துவிடுகிறது. என்னிடம் வருகிறவர்களுள் பலர் அதிகம் குடித்தது இப்படித்தான். அவர்களை நான் குடிகாரர்கள் என்று சொல்ல மாட்டேன். ஜெர்மன் ஊட்டச்சத்துக் கழகம் 2024இல் மதுவைத் தவிர்ப்பதே நன்று என்று அறிவித்தது. அருந்துவோர்க்குக் குறைந்த அபாய எல்லையாக வாரத்துக்கு 27 கிராமுக்கும் குறைவான அளவையே அது சொல்கிறது. அது ஒன்றேகால் குவளைக்குச் சற்று மேல்.

எனவே, வீக்கம் முற்றிலும் வடியும் வரையிலும், அதன்பின் மூன்று மாதங்களுக்கும் பீரை அறவே விட்டுவிடுங்கள். ஆல்கஹால் இல்லாத பீரிலும் பியூரின் உண்டு என்பதால் அதைக் குடம் குடமாக அருந்தி ஈடுகட்ட வேண்டாம். அதன் பின்னும் யூரிக் அமில அளவு கட்டுக்குள் இருந்து, உங்கள் மருத்துவரும் இசைந்தால், ஆலையிலேயே அமர்ந்து எப்போதேனும் ஒரு குவளை அருந்துவதை நான் தடுக்க மாட்டேன். அங்கே ஷ்னிட் என்று கேட்டால் பாதியளவு ஊற்றித் தருவார்கள் என்பதை நீங்கள் அறிந்திருப்பீர்கள். குடுவையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். கூடவே பரிமாறும் ஈரல் சாஸேஜ் பியூரின் நிறைந்தது. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் போதும். வெயிலில் நடந்து வியர்த்த உடம்புக்கு முதலில் தண்ணீர் கொடுங்கள், ஏனெனில் நீரிழப்பே தனியாக ஒரு வலியைத் தூண்டவல்லது.

உங்கள் மாத்திரையிலுள்ள ஹைட்ரோகுளோரோதயசைடும் யூரிக் அமிலத்தை ஏற்றக்கூடியது. நீங்களாக நிறுத்தாமல், மாற்று மருந்து பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். லோசார்டன் என்ற ரத்த அழுத்த மருந்து யூரிக் அமிலத்தைச் சற்றுக் குறைக்கும் இயல்புடையது என்பதால் அந்தப் பெயரையும் அவரிடம் குறிப்பிடலாம். வலியின் உச்சத்தில் எடுத்த பரிசோதனை சில நேரங்களில் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும் என்பதால், வலி நீங்கிய சில வாரங்கள் கழித்து யூரிக் அமிலத்தையும், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினினையும் மீண்டும் பாருங்கள். வீக்கத்தோடு காய்ச்சலும் குளிர்நடுக்கமும் வந்தால் அது மூட்டில் சீழ் வைப்பதாகவும் இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.