மெகாவாட் இருக்கிறது, ராத்திரி எட்டு மணிக்கு இல்லை

கேள்வி: காற்றாலையில் நாம் முன்னணி, சோலாரிலும் பெரிய மாநிலம் என்கிறார்கள். ஆனால் கோடை வந்தால் ராத்திரி எங்கள் பக்கம் லோ வோல்டேஜ், இல்லாவிட்டால் கரண்டே இல்லை. சென்னையில் இருக்கும் என் தம்பி வீட்டில் இந்தத் தொல்லை கிடையாது. இன்னும் நாலு அனல்மின் நிலையம் கட்டினால்தான் இது தீருமா?
– விசைத்தறி உரிமையாளர், பல்லடம்

பதில்: தீராது. நாலு இல்லை, எட்டு கட்டினாலும் உங்கள் ஊர்த் தடை அப்படியே இருக்க வாய்ப்பு அதிகம்.

முதலில் காலக்கணக்கைப் பாருங்கள். வடசென்னை அனல்மின் நிலையத்தின் மூன்றாம் நிலை, 800 மெகாவாட். 2016-இல் வேலை தொடங்கியது, 2024 மார்ச்சில்தான் திறந்து வைத்தார்கள். உடன்குடி அனல்மின் நிலையம் பற்றிய பேச்சு அதற்கும் பல வருடம் முந்தியது. அப்புறம் நிலக்கரி. ஒடிசாவின் தால்சரிலிருந்து ரயிலில் பாராதீப் துறைமுகம், அங்கிருந்து கப்பலில் இங்கே. இதில் ஒரு கண்ணி அறுந்தாலும் கொதிகலன் காத்திருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய விஷயம், நமக்குப் பற்றாக்குறை எந்த நேரத்தில் என்பது. 2024 மே 2-ஆம் தேதி தமிழ்நாட்டின் மின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதுவரை காணாத உச்சம். மாநிலத்தில் காற்றாலைத் திறன் பத்தாயிரத்துக்கு மேல், சோலாரும் அதை நெருங்கி வந்துவிட்டது. எண்ணிக்கையைக் கூட்டினால் மலைப்பாகத்தான் இருக்கும். ஆனால் காற்று வைகாசி, ஆனியில் பிடித்து ஆவணி வரை அடிக்கும். சித்திரை வெயிலில் அதை நம்ப முடியாது. சூரியன் ஆறரை மணிக்குப் போய்விடும். வீட்டில் எல்லாரும் வந்து விளக்கு, ஃபேன், ஏசி போடுவது அதற்கு அப்புறம்தான். மின்சந்தையில் பகலில் யூனிட் இரண்டு, மூன்று ரூபாய்க்குக் கிடைப்பது, தேவை எகிறும் மாலைகளில் பத்து ரூபாய் உச்சவரம்பில் போய் முட்டுகிறது. மின்வாரியம் அதை அந்த விலைக்கு வாங்குகிறது, அல்லது எங்காவது லைனை நிறுத்துகிறது.

இந்த 'எங்காவது' எது என்பதுதான் உங்கள் கேள்வியின் உயிர். 2012-ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்கு இரண்டு மணி நேர மின்வெட்டு. கோவை, திருப்பூர், மதுரை, நெல்லைப் பக்கம் பத்து, பன்னிரண்டு மணி நேரம், சில ஊர்களில் அதற்கும் மேல். மாவு அரைக்கவும் மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துத்தான் நேரம் குறித்தார்கள். கோவை பவுண்டரிகளில் உருக்கிய இரும்பு உலைக்குள்ளேயே இறுகியது. வெளிமாநிலத்தில் மின்சாரம் வாங்கினாலும் கொண்டுவரப் போதிய பாதை இல்லை. தென் மாநிலங்களின் மின்தொகுப்பு 2013 டிசம்பர் 31-இல்தான் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாக நாட்டின் மற்றப் பகுதிகளின் தொகுப்புடன் ஒத்திசைந்து இணைந்தது. அந்தக் குறையை நீக்கிவிட்டோம், நல்லது. ஆனால் பற்றாக்குறை வந்தால் தலைநகரம் தப்பட்டும், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளட்டும் என்று முடிவெடுத்த மனப்பான்மை இருக்கிறதே, அது எந்தப் பாதையாலும் நீங்கவில்லை. இதை நான் அநீதி என்றே சொல்வேன். பல்லடத்துத் தறிக்காரரும் மின்கட்டணம் கட்டித்தான் தறி ஓட்டுகிறார்.

சரி, என்ன செய்யலாம்?

பகல் மின்சாரத்தை ராத்திரிக்கு எடுத்து வைக்க வேண்டும். இது புது யோசனை இல்லை. ஆழியாறு அணைக்கு மேலே காடம்பாறையில் 1980-களின் கடைசியிலிருந்தே நடக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது கீழ் நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீரை மேலே ஏற்றுகிறார்கள், தேவை கூடும்போது அதே தண்ணீரை இறக்கி 400 மெகாவாட் எடுக்கிறார்கள். ஏற்றி இறக்குவதில் ஐந்தில் ஒரு பங்கு போல இழப்பு உண்டு. ஆனாலும் மாலை ஏழு மணி யூனிட்டின் விலையைப் பார்க்கும்போது அது லாபம்தான். அதற்கு அடுத்ததாக நீலகிரியில் குந்தா நீரேற்று நிலையம், 500 மெகாவாட். அது வருடக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனது. காடம்பாறைக்குப் பிறகு இத்தனை காலத்தில் நாலைந்து இப்படி வந்திருக்க வேண்டும். வராததற்கு எந்த ஒரு கட்சியையும் தனியாகக் குறை சொல்ல முடியாது, எல்லா ஆட்சியும் பங்காளிதான். இப்போது பேட்டரிக்கு டெண்டர் விடத் தொடங்கியிருக்கிறார்கள். அதையாவது சென்னையைச் சுற்றி வைக்காமல், தடை அதிகமுள்ள மாவட்டத் துணைமின் நிலையங்களில் வைக்க வேண்டும்.

அனல் நிலையத்தைப் பற்றி இன்னொன்றும் இங்கே சொல்ல வேண்டும். அதை நினைத்தபடி அணைத்து ஏற்ற முடியாது. பாதித் திறனுக்குக் கொஞ்சம் மேலேயாவது ஓட்டியாக வேண்டும். ஆகவே எடுத்து வைக்க வழி செய்யாமல் அனலை மட்டும் கூட்டினால், ஆடிக் காற்றில் ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளை நிறுத்தச் சொல்லும் நாட்கள்தான் கூடும்.

அடுத்தது, யாரும் தொடத் தயங்கும் விவசாய மோட்டார். 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம். இணைப்புகள் இருபது லட்சத்துக்கும் மேல். இலவசத்தை எடுக்கச் சொல்லவில்லை, எடுக்கவும் கூடாது. ஆனால் பல ஊர்களில் வீடு, தறி, மோட்டார் மூன்றும் ஒரே மின்பாதையில் தொங்குகின்றன. மும்முனை மின்சாரம் முறைவைத்து வந்த காலத்தில் கிராமத்தில் நடந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கரண்ட் எப்போது வருமென்று தெரியாது, ஆகவே ஆட்டோ ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவார்கள். ராத்திரி ஒரு மணிக்கு மும்முனை வந்ததும் ஊர் மோட்டார் அத்தனையும் ஒரே நொடியில் கிளம்பும். வோல்டேஜ் விழும், டிரான்ஸ்பார்மர் போகும், காயில் கட்டும் கடையில் மறுநாள் மோட்டார்கள் வரிசையில் நிற்கும். தண்ணீர் தேவைக்கு மேல் பாய்ந்து வாய்க்காலில் ஓடும்.

குஜராத் 2003-இல் ஜோதிகிராம் திட்டத்தைத் தொடங்கி, சில ஆண்டுகளில் மோட்டார்களுக்குத் தனிப் பாதை போட்டு முடித்தது. மகாராஷ்டிரம் 2017-இலிருந்து விவசாயப் பாதைகளுக்கென்றே துணைமின் நிலையங்களை ஒட்டிச் சோலார் நிலையங்கள் அமைக்கிறது. நாமும் இரண்டையும் சேர்த்துச் செய்யலாம். சோலார் உற்பத்தியாகும் பகல் வேளையில், நிச்சயமான நேரத்தில் மும்முனை கொடுத்தால் எந்த விவசாயியும் பாம்புக்குப் பயந்து டார்ச் லைட்டோடு கிணற்றடிக்குப் போக வேண்டியதில்லை. மாலையில் அந்தச் சுமை உங்கள் தறி ஓடும் பாதையிலிருந்தும் இறங்கும். இலவசம் இலவசமாகவே இருக்கட்டும், ஆனால் ஒவ்வொரு விவசாயப் பாதையின் தொடக்கத்திலும் ஒரு மீட்டர் இருக்கட்டும். எவ்வளவு போகிறது என்று தெரியாமல் போடும் மானியக் கணக்கில் வாரியத்தின் இழப்பும் திருட்டும் சேர்ந்து ஒளிந்துகொள்கின்றன. பழி மட்டும் விவசாயி தலையில்.

நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. 2022 ஆகஸ்டில் கட்டண உயர்வுக்காக மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கோவை, மதுரை, சென்னையில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியது. பேசியவர்கள் பெரும்பாலும் கட்டணத்தைத்தான் பேசினார்கள். அடுத்த கூட்டத்துக்கு உங்கள் சங்கத்தோடு போங்கள். எந்த மின்பாதையில் எந்த மாதம் எத்தனை மணி நேரம் கரண்ட் இல்லை என்ற கணக்கைச் சென்னைக்கும் பல்லடத்துக்கும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து வாரியம் மாதாமாதம் வெளியிட வேண்டும் என்று கேளுங்கள். எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். நகலை எங்களுக்கு அனுப்பினால் இதே பக்கத்தில் வெளியிடுகிறோம்.